பிராங்பர்ட்டிலிருந்து வெனிஸ் வரை காரில் போய்த் திரும்ப: பாதையை எந்த வரிசையில் முடிவு செய்வது?

மார்ச் பிறந்தால் என் வாட்ஸாப்புக்கு எக்செல் தாள்கள் வர ஆரம்பித்துவிடும். பிராங்பர்ட் பக்கம் குடியிருப்பதால், காரில் ஐரோப்பா சுற்ற ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். தாளில் 10 நாள், 11 ஊர் இருக்கும். பிடித்த இடத்திலெல்லாம் மேப்பில் நட்சத்திரம் குத்தி, எல்லாவற்றையும் ஒரு கோட்டால் இணைத்திருப்பார்கள். அந்தக் கோடு ஆல்ப்ஸ் மலையை மூன்று தடவை குறுக்கே வெட்டும்.

ஊர்களில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. மலையை எங்கே தாண்டுவது, என்ன கிழமையில் தாண்டுவது, எத்தனை இரவு எங்கே தங்குவது என்பதை முதலில் முடித்துவிட்டால் பாதை பாதிக்கு மேல் தானாக வந்துவிடும். பார்க்கிற இடங்களைக் கடைசியில் பொருத்திக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு நான் ஓட்டிய, பிறகு நாலைந்து குடும்பங்களை அனுப்பிய ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்: பிராங்பர்ட், கேல், லூசெர்ன், கோமோ, ஃபுளோரன்ஸ், மெஸ்த்ரே (வெனிஸுக்குப் பக்கத்து ஊர்), இன்ஸ்ப்ரூக், மியூனிக், மறுபடி பிராங்பர்ட். சுமார் 2,200 கி.மீ., 18 இரவு. உங்கள் ஊர்கள் வேறாக இருக்கலாம். படிகள் மாறாது.

1. பயணத்துக்கு நாலைந்து மாதம் முன்பே: லைசென்ஸும் கிரெடிட் கார்டும்

இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வழியாக வாங்கிவிட வேண்டும். விமானம் ஏறிய பிறகு இங்கே யாரும் அதைத் தர மாட்டார்கள். ஒரு வருடம்தான் செல்லும். அதனால் ரொம்ப முன்னாடியும் வாங்காதீர்கள்; வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் அதன் காலத்துக்குள் வர வேண்டும். இத்தாலியில் இது கட்டாயம். அனுமதிச் சீட்டு மட்டும் போதாது, அசல் லைசென்ஸ் கார்டும் கையில் வேண்டும்.

வாடகைக் கார் கவுன்டரில் டெபாசிட்டுக்குக் கேட்பது முதல் ஓட்டுநரின் பெயரில் உள்ள கிரெடிட் கார்டு. கணவர் ஓட்டுகிறார், கார்டு மனைவி பெயரில் என்றால் பெரும்பாலும் சாவி கிடைக்காது. டெபிட் கார்டை நம்பி வந்து, கவுன்டரில் அரை நாள் போனவர்களை எனக்குத் தெரியும்.

2. வண்டியின் அளவும் பாதையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்

போன வருடம் விமான நிலைய பார்க்கிங்கில் ஒரு குடும்பத்தை வழியனுப்பப் போயிருந்தேன். பெரியவர்கள் நாலு பேர், பெரிய சூட்கேஸ் நாலு, கூடவே ஒரு ரைஸ் குக்கர் டப்பா. பதிவு செய்திருந்ததோ சின்ன ஹேட்ச்பேக். இரண்டு பெட்டி டிக்கியில் போனது. மூன்றாவதைக் குறுக்கே வைத்தார்கள், நெட்டுக்கு வைத்தார்கள், டிக்கிக் கதவு மூடவில்லை. கடைசியில் நாலாவது பெட்டி என் வீட்டு ஸ்டோர் ரூமில் 18 நாள் கிடந்தது.

நாலு பேருக்கு ஸ்டேஷன் வேகன் எடுங்கள். டிக்கி நீளம், ஆனால் வண்டியின் அகலம் சாதாரணக் கார்தான். ஏழு சீட் வேன் எடுத்தால் கோமோ ஏரிக்கரைச் சாலையிலும் இத்தாலிய அடித்தள பார்க்கிங்குகளிலும் வியர்த்துவிடும்.

ஆட்டோமேட்டிக் கியர் வேண்டும் என்றால் சீக்கிரம் பதியுங்கள், இங்கே இன்னமும் மேனுவல் வாடகை வண்டிகள் நிறைய. வலப்பக்கம் ஓட்டுவது, ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கையில் என்று மூன்றையும் ஒரே நாளில் பழக வேண்டாம்.

பதிவு செய்யும்போதே எந்தெந்த நாடுகளுக்குப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சில நிறுவனங்கள் விலை உயர்ந்த ரகங்களை இத்தாலிக்கு அனுமதிப்பதில்லை. சொல்லாமல் போய் ஏதாவது ஆனால் காப்பீடு கைவிட்டுவிடும்.

எடுத்த இடத்திலேயே வண்டியை விடுவது நல்லது. ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் தனிக் கட்டணம் உண்டு. சில சமயம் அது வாடகையையே தொட்டுவிடும். நம் பாதை வட்டமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

3. மலையை எங்கே தாண்டுவது?

முழுப் பாதையையும் தீர்மானிக்கிற கேள்வி இது. வடக்கேயிருந்து இத்தாலிக்குள் போகிற பெரிய வாசல்கள் கை விரலில் எண்ணிவிடலாம். பிரான்ஸ் பக்கம் மோன் பிளாங், ஃப்ரெஜூஸ் சுரங்கங்கள். இரண்டுக்கும் தனிக் கட்டணம், அதுவும் கணிசமாக. சுவிஸில் கோட்ஹார்ட், சான் பெர்னார்டினோ. ஆஸ்திரியாவில் பிரென்னர். போகும்போது ஒரு வாசல், வரும்போது ஒரு வாசல் என்று இரண்டைத் தேர்ந்தெடுத்தாலே வட்டம் அமைந்துவிடும். நான் எடுப்பது போக கோட்ஹார்ட், வர பிரென்னர்.

கோட்ஹார்ட் சுரங்கம் 16.9 கி.மீ. நீளம், 1980இல் திறந்தது. ஒரே குழாய், போவதற்கு ஒரு தடம், வருவதற்கு ஒரு தடம், அவ்வளவுதான். ஆகவே ஈஸ்டர் சமயத்திலும் கோடைச் சனிக்கிழமைகளிலும் வடக்கு வாயிலில் வரிசை 10 கி.மீ.யைத் தாண்டும். ஒரு கிலோமீட்டர் வரிசைக்குச் சுமார் 10 நிமிடம் என்பது இங்குள்ளவர்களின் கணக்கு. அதாவது ரேடியோவில் 12 கி.மீ. என்று சொன்னால் இரண்டு மணி நேரம் போச்சு.

மாற்று வழி இரண்டு. கோடையில் சுரங்கத்துக்கு மேலேயே பழைய கோட்ஹார்ட் கணவாய்ச் சாலை திறந்திருக்கும். உயரம் 2,100 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். வெயில் நாளில் நான் வரிசை இல்லாவிட்டாலும் அதில்தான் ஏறுவேன். குளிர்காலத்தில் பனியால் மூடிவிடுவார்கள். இரண்டாவது, கிழக்கே கூர் வழியாக சான் பெர்னார்டினோ. சுற்றுதான், ஆனால் கோட்ஹார்டில் நீண்ட வரிசை என்றால் நேரம் கிட்டத்தட்ட சரியாகிவிடும். இதை லூசெர்னை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பாதி வழியில் மனசு மாறினால் இரண்டும் கெட்டுவிடும்.

பிரென்னரில் உயரம் பிரச்சினை இல்லை. 1,370 மீட்டர்தான், வருடம் முழுக்கத் திறந்திருக்கும். பிரச்சினை ஆஸ்திரியப் பக்கத்து லூக் பாலம். பழைய பாலம் என்பதால் 2025 தொடக்கத்திலிருந்து பெரும்பாலான நாட்களில் அங்கே திசைக்கு ஒரு தடம்தான். பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டுகிறார்கள். வேலை முடியப் பல வருடம் ஆகும். கூட்ட நாட்களில் இரண்டாவது தடத்தைத் திறக்கிறார்கள் என்றாலும் வார இறுதியில் அங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று இங்கே உண்டு. ஜாம் என்றதும் போன் கிராமத்துச் சாலை ஒன்றைக் காட்டும், உடனே இறங்கிவிடுவார்கள். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் 2019 முதல், கோடையிலும் பனிச்சறுக்குக் காலத்திலும் வார இறுதிகளில், வழிப்போக்கு வண்டிகள் ஆட்டோபானை (நெடுஞ்சாலையை) விட்டு இப்படிக் கிராமங்களுக்குள் இறங்கத் தடை. இறங்கும் இடத்தில் போலீஸ் நிற்கும், திருப்பி மேலே அனுப்பிவிடும். அந்த ஊரில் தங்குகிறவர்களுக்கு மட்டும் அனுமதி.

மலைச் சாலைகளில் கொண்டை ஊசி வளைவுகளுக்காகவே வருகிறவர்கள் ஸ்டெல்வியோவையும் குரோஸ்குளோக்னரையும் பட்டியலில் வைத்திருப்பார்கள். ஸ்டெல்வியோ 2,757 மீட்டர், கோடையைத் தவிர மற்ற காலத்தில் மூடியே இருக்கும். குரோஸ்குளோக்னர் ஏறக்குறைய மே தொடக்கம் முதல் நவம்பர் தொடக்கம் வரை, பகலில் மட்டும், தனிக் கட்டணத்தோடு. இவற்றைப் போகிற வழியில் செருகாதீர்கள். பக்கத்து ஊரில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கி, பெட்டி இல்லாத வண்டியில் போய் வாருங்கள்.

4. ஊர்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள்

மேப் 4 மணி நேரம் என்றால் நான் தாளில் ஐந்தரை எழுதுவேன். பெட்ரோல், கழிப்பறை, பிள்ளைகளின் பசி, எல்லையில் சின்ன நெரிசல், கடைசியில் பார்க்கிங் தேடுவது எல்லாம் சேர்ந்து அந்த ஒன்றரை மணி நேரம். ஒரு நாளில் மேப் கணக்குக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதாக இருந்தால் நடுவில் ஓர் இரவு வையுங்கள். ஆட்டோபானில் 400 கி.மீ. ஓட்டுவது கஷ்டமே இல்லை. ஆனால் ஓட்டி முடித்த அன்று வேறு எதையும் பார்க்கத் தெம்பு இருக்காது.

ஒரே இரவு தங்கும் ஊர்களைக் கூடியவரை ஒழியுங்கள். சாயங்காலம் பெட்டியை ஏற்றி, காலையில் இறக்கி, பார்த்தது ஹோட்டல் லிஃப்டை மட்டும்தான் என்று ஆகிவிடும்.

நம் வட்டத்தில் தூரங்கள் ஏறக்குறைய இப்படி: பிராங்பர்ட்டிலிருந்து கேல் 210 கி.மீ., அங்கிருந்து லூசெர்ன் 235, கோமோ 210, ஃபுளோரன்ஸ் 350, மெஸ்த்ரே 255, இன்ஸ்ப்ரூக் 380, மியூனிக் 160, பிராங்பர்ட் 395. இரவுகள்: வந்து இறங்கிய அன்று பிராங்பர்ட்டில் 1, கேலில் 2, லூசெர்ன் 2, கோமோ 2, ஃபுளோரன்ஸ் 3, மெஸ்த்ரே 2, இன்ஸ்ப்ரூக் 2, மியூனிக் 3, கடைசியில் பிராங்பர்ட் 1.

விமானம் இறங்கிய அன்றே வண்டி எடுக்காதீர்கள். இரவெல்லாம் தூங்காத கண்ணோடு முதல் முறையாக வலப்பக்கம் ஓட்டுவதற்குப் பிராங்பர்ட் சுற்றுச் சாலை நல்ல இடமில்லை. ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

கேல் என்ற பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கேல், அந்தப் பக்கம் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர். 2017 முதல் டிராம் பாலத்தைத் தாண்டி வருகிறது. ஜெர்மனியில் வண்டியை நிறுத்திவிட்டு டிராமில் பிரான்ஸுக்குப் போய்த் தேவாலயம் பார்த்து, மதியம் சாப்பிட்டுத் திரும்பலாம். பெரிய நகரத்துக்குள் வண்டியை ஏற்றாமல் பக்கத்துச் சின்ன ஊரில் தங்குவது என்ற இந்த உத்தியைத்தான் மெஸ்த்ரேயிலும் செய்கிறோம். வெனிஸுக்குள் கார் ஓடாது, மெஸ்த்ரேயிலிருந்து ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

5. கிழமையைப் பொருத்துங்கள்

இரவுகள் முடிவான பிறகு அந்தத் தொடரை நாள்காட்டியில் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். மலையைத் தாண்டும் இரண்டு நாளும் செவ்வாய், புதன், வியாழனில் விழ வேண்டும். மற்றவை எப்படி விழுந்தாலும் சமாளிக்கலாம்.

சனிக்கிழமை ஏன் ஆகாது? இங்கே விடுமுறை வீடுகள் பெரும்பாலும் சனியிலிருந்து சனி வரை வாடகைக்கு விடப்படுகின்றன. அதனால் ஜூலை, ஆகஸ்டில் பாதி ஐரோப்பா அன்றுதான் சாலையில் இருக்கும். மாறாக ஜெர்மனியில் ஞாயிறு இரவு 10 மணி வரை 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குத் தடை. லாரி இல்லாத ஆட்டோபான் வேறு உலகம். புதியவர்கள் நீண்ட தூரம் ஓட்ட நல்ல நாள் அது.

இதன்படி வியாழன் வந்து இறங்கினால்: வெள்ளி காலை கேல், ஞாயிறு லூசெர்ன், செவ்வாய் கோட்ஹார்ட் தாண்டி கோமோ, வியாழன் ஃபுளோரன்ஸ், ஞாயிறு மெஸ்த்ரே, செவ்வாய் பிரென்னர் தாண்டி இன்ஸ்ப்ரூக், வியாழன் மியூனிக், ஞாயிறு பிராங்பர்ட், திங்கள் விமானம். ஒரு சனிக்கிழமைகூட ஓட்டவில்லை. வெள்ளியன்று மட்டும் காலை 10 மணிக்குள் கிளம்பிவிடுங்கள், மதியத்துக்குப் பிறகு கேல் போகும் ஏ5 ஆட்டோபான் நிரம்பிவிடும்.

ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை. அதையொட்டிய வாரத்தில் கடற்கரைப் பக்கம் போகிற சாலைகள் திணறும், ஊருக்குள்ளோ பல கடைகள் பூட்டியிருக்கும். முடிந்தால் ஜூன் அல்லது செப்டம்பர்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் மளிகைக் கடை இருக்காது. சனியன்று கேலிலேயே அரிசி, தயிர், ரொட்டி எல்லாம் வாங்கிவிடுங்கள். அடுத்து வருவது சுவிஸ், விலை கண்ணைக் கட்டும். ஆனால் அந்நாடு ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில் இல்லை. இறைச்சி ஆளுக்கு 1 கிலோ வரைதான். பெரிய பாத்திரத்தில் கோழிக் குழம்போடு எல்லையில் நிற்க வேண்டாம்.

6. இப்போதுதான் விசா

பலர் முதலில் விசா எடுத்துவிட்டுப் பிறகு பாதை போடுகிறார்கள். தலைகீழ். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. ஆக, இரவுக் கணக்கு இல்லாமல் எந்தத் தூதரகம் என்றே சொல்ல முடியாது.

நம் கணக்கைப் பாருங்கள். ஜெர்மனியில் 1, 2, 3, 1 என்று 7 இரவு. இத்தாலியில் 2, 3, 2 என்று அங்கேயும் 7. சமம், முதலில் இறங்குவது பிராங்பர்ட் என்பதால் ஜெர்மனி. ஃபுளோரன்ஸில் ஆசைப்பட்டு ஓர் இரவு கூட்டினால் இத்தாலிக்குப் போக வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கான அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு, ஒற்றை நுழைவு விசா (ஒரு தடவை மட்டும் உள்ளே வரலாம்) போதும். பாதையை பால்கன் பக்கம் நீட்டுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். குரோஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. ஆனால் டுப்ரோவ்னிக் போகும் பழைய கடற்கரைச் சாலை நெயூம் என்ற இடத்தில் சில கிலோமீட்டர் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளிவரும். ஒற்றை நுழைவு விசாக்காரருக்கு அங்கே விசா முடிந்த கதைதான். 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போனால் குரோஷியாவை விட்டு வெளியேறவே வேண்டாம். போன் எந்த வழியைக் காட்டினாலும் நீங்கள் அந்தப் பாலத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

7. சாலைச் சுங்கம்: நாட்டுக்கு ஒரு விதம்

ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் கிடையாது.

சுவிஸில் வின்யெட் என்ற வருடாந்தர வில்லை, 40 பிராங்க். இரண்டு நாளுக்கென்று தனி விலை இல்லை. இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், வில்லையும் தனியாக வாங்க வேண்டும். 2023 முதல் வண்டி எண்ணை வைத்து ஆன்லைனிலும் வாங்கலாம். வாடகைக் காரின் எண் சாவி கையில் வந்த பிறகுதான் தெரியும், ஆகவே ஊரிலிருந்தே வாங்க முடியாது. வாங்குமுன் கண்ணாடியைப் பாருங்கள், கவுன்டரிலும் கேளுங்கள். முன்பு எடுத்தவர் புண்ணியத்தில் ஏற்கெனவே இருக்கலாம்.

ஆஸ்திரியாவிலும் வின்யெட். ஒரு நாள், 10 நாள், 2 மாதம், ஒரு வருடம் என்று உண்டு. நமக்கு 10 நாள். பலர் தடுமாறுவது பிரென்னரில்: எல்லையிலிருந்து இன்ஸ்ப்ரூக் வரையிலான ஏ13 வின்யெட்டில் சேராது, தனிக் கட்டணம். இன்ஸ்ப்ரூக்கில் ஏ12இல் ஏறியதும் வின்யெட் தேவை. இரண்டையும் ஆஸ்திரிய நெடுஞ்சாலை நிறுவனமான அஸ்ஃபினாக்கின் தளத்தில் வாங்கலாம். தேடினால் முதலில் வருகிற இடைத்தரகர் தளங்களில் வாங்காதீர்கள், அதே சீட்டை மேல்தொகை வைத்து விற்கிறார்கள்.

இத்தாலியில் ஏறும்போது டிக்கெட், இறங்கும்போது பணம். டோல்கேட்டில் மஞ்சள் டெலிபாஸ் தடத்துக்குள் மட்டும் போகாதீர்கள், அது கருவி பொருத்திய வண்டிகளுக்கு. தவறிப் போய்விட்டால் ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. உதவிப் பொத்தானை அழுத்துங்கள். சீட்டு வரும், 15 நாளுக்குள் கட்டிவிடலாம்.

கோமோவிலிருந்து கிளம்பும்போது மிலான் நெரிசலைத் தவிர்க்க மேப் உங்களை ஏ36இல் திருப்பக்கூடும். அங்கே டோல்கேட்டே கிடையாது. கேமரா எண்ணைப் படிக்கும், நீங்களாகத் தளத்தில் போய் 15 நாளுக்குள் கட்ட வேண்டும். கேட் இல்லையே, இலவசம் போலிருக்கிறது என்று போனவர்களுக்குப் பிறகு கடிதம் வரும்.

காசு மிச்சம் பிடிக்க மேப்பில் சுங்கத்தைத் தவிர் என்பதைத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. மிலானுக்கும் பொலோனியாவுக்கும் இடையே அது உங்களை எமிலியா சாலையில் இறக்கும். பியாசென்சா, பார்மா என்று ஒவ்வோர் ஊராக, ரவுண்டானா ரவுண்டானாவாகப் போக வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

8. கடைசி இரண்டு கிலோமீட்டர்

பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். நானும் இழந்திருக்கிறேன்.

முதல் முறை ஃபுளோரன்ஸ் போனபோது பழைய நகருக்குள்ளேயே ஹோட்டல் போட்டிருந்தேன். இருட்டிக்கொண்டு வருகிறது, பின்சீட்டில் பிள்ளைகள் அழுகை, போன் சொல்லச் சொல்லத் திருப்பிக்கொண்டே போனேன். சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் பலகை ஒன்றைப் பார்த்த ஞாபகம் இருந்தது; அதில் இத்தாலியனில் என்னவோ நீளமாக எழுதியிருந்தது. ஒருவழிச் சந்துகளில் சுற்றிச் சுற்றி ஹோட்டலைக் கண்டுபிடித்தோம். சில மாதம் கழித்து, ஒவ்வோர் அபராதத்துக்கும் தனித்தனி நிர்வாகக் கட்டணம் என்று வாடகை நிறுவனம் முதலில் கார்டில் எடுத்தது. அப்புறம் மாநகராட்சியின் கடிதங்கள், மூன்று. ஒரே வாசலைச் சுற்றிச் சுற்றி மூன்று தடவை கடந்திருக்கிறேன்.

அந்தப் பலகைதான் இசட்.டி.எல்., வண்டிகளுக்குத் தடை செய்த பகுதி. கீழே மின்பலகையில் ‘வார்கோ அத்திவோ’ என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, உள்ளே போகக் கூடாது என்று பொருள். ‘அத்திவோ’ என்றால் ஏதோ திறந்திருக்கிறது போல என்று நினைத்துவிடுவோம். உள்ளே இருக்கும் ஹோட்டல்கள் உங்கள் வண்டி எண்ணைப் பதிந்து அனுமதி வாங்கித் தர முடியும். நாம் கேட்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே.

இப்போது நான் ஃபுளோரன்ஸுக்குள் வண்டியை எடுத்துப் போவதே இல்லை. ஏ1 நெடுஞ்சாலையை விட்டு இறங்காமலேயே நுழையக்கூடிய வில்லா கோஸ்தான்சா என்ற பார்க்கிங் இருக்கிறது. அங்கே மூன்று நாள் விட்டுவிட்டு, பெட்டியோடு டிராம் டி1 ஏறினால் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையம் வரை வந்துவிடலாம். அந்த டிராம் தடத்தில் நடக்கிற தூரத்தில் அறை பாருங்கள். வண்டிக்குள் கண்ணில் படும்படி எதையும் வைக்க வேண்டாம்.

இதே கணக்கை ஒவ்வோர் ஊருக்கும் போடுங்கள்: முதலில் பார்க்கிங், பிறகு அதற்குப் பக்கத்தில் அறை. அறையை முதலில் பிடித்துவிட்டுப் பார்க்கிங் தேடினால் அலைச்சல்தான். கோமோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினால் மிலானையும் ரயிலிலேயே பார்த்துவிடலாம்.

9. போனில் ஏற்றும்போது

முழு வட்டத்தையும் ஒரே பாதையாகப் போடாதீர்கள். கூகுள் மேப்பில் ஒரு பாதைக்குப் பத்து இடம்தான் கொடுக்க முடியும். நடுவில் ஒன்றை மாற்றினால் எல்லாம் கலைந்துவிடும். ஓட்டும் நாளுக்கு ஒரு பாதை, ஆக எட்டு. ஒவ்வொன்றிலும் சேருமிடமாக ஹோட்டலைப் போடாமல் பார்க்கிங்கின் நுழைவாயிலைப் போடுங்கள். எந்த மலை வாசல் என்பது உறுதிப்பட நடுவில் ஒரு புள்ளி வையுங்கள்.

சுவிஸ் எல்லைக்கு முன்பே அந்த நாட்டு மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய சிம் கார்டுகள் பல சுவிஸில் ரோமிங் தருவதில்லை. எல்லை நகரமான பாசல் தாண்டியதும் மேப் உறைந்து நிற்கும்.

பலகை நிறமும் மாறும். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் ஆட்டோபானுக்கு நீலம். சுவிஸ், இத்தாலியில் பச்சை. இத்தாலியில் நீலப் பலகையைப் பார்த்துத் திரும்பினால் சாதாரணச் சாலைக்குப் போய்விடுவீர்கள்.

பொலோனியாவைத் தாண்டி ஏ1 இரண்டாகப் பிரியும் இடத்தில் பலரும் பதறுகிறார்கள். ஒரு பலகை ‘பானோராமிகா’, இன்னொன்று ‘திரெத்திசிமா’. இரண்டும் ஃபுளோரன்ஸுக்குத்தான் போகின்றன. முதலாவது மலை வளைவுகளோடு கூடிய பழைய தடம், இரண்டாவது 2015இல் திறந்த சுரங்கத் தடம். எதில் போனாலும் சேர்ந்துவிடலாம், கடைசி நொடியில் கோடு தாண்டித் திருப்பாதீர்கள்.

10. வழியில், திரும்பும்போது

இத்தாலிய பங்க்கில் ‘கசோலியோ’ என்றால் டீசல். பெயரைக் கேட்டு கேசோலின் என்று நினைத்து பெட்ரோல் வண்டியில் ஊற்றியவர்கள் உண்டு. டேங்க் மூடிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதல் நாளே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘செர்விதோ’ என்ற வரிசையில் ஆள் வந்து ஊற்றுவார், லிட்டருக்கு விலை கூட. ‘செல்ஃப்’ வரிசையில் நில்லுங்கள்.

ஜெர்மனியில் நெடுஞ்சாலை ஓர பங்க்குகளைவிட, வெளியே இறங்கியதும் இருக்கும் ஆட்டோஹோஃப் என்ற ஓய்விடத்தில் விலை குறைவு, சாப்பாடும் மோசமில்லை. ஓய்விடக் கழிப்பறைக்கு 1 யூரோ வாங்கிக்கொண்டு கூப்பன் தருவார்கள். அங்கேயே காபிக்குக் கழித்துக்கொள்ளலாம்.

கடைசி நாள் மியூனிக்கிலிருந்து வரும்போது பிராங்பர்ட் விமான நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே, வெளியே டேங்க்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஞாயிறு சாயங்காலமே விட்டுவிடுங்கள். திங்கள் காலை விமானத்துக்கு முன்னால் விடலாம் என்று வைத்தால், வாடகை வண்டி திருப்பும் பலகையைத் தேடி டெர்மினலை இரண்டு சுற்று சுற்றுவீர்கள். ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும், நாலு சக்கரமும், மீட்டரில் உள்ள கிலோமீட்டரும் போட்டோவில் இருக்கட்டும். டிக்கியை ஒரு தடவை திறந்து பாருங்கள். ரைஸ் குக்கரின் மூடியை மட்டும் விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.